நடுவில் வந்து அமர்பவருக்கும் கதை புரிய வேண்டும்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். சிரிப்பதில் தவறில்லை. கற்றல் விளைவுகள், பாடக்குறிப்பு, மதிப்பீடு என்று பேசும் இடத்தில் ஸ்பைடர்மேனுக்கு என்ன வேலை என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் நம் பிள்ளைகளின் புத்தகப்பையிலும் பென்சில் பெட்டியிலும் நோட்டு லேபிளிலும் அவர் ஏற்கெனவே வகுப்பறைக்குள் வந்துவிட்டார். நாம் அழைத்து வரவில்லை. பிள்ளைகள் அழைத்து வந்துவிட்டார்கள்.

அந்தப் படங்கள் நல்லவையா கெட்டவையா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. எனக்கு ஒரு கேள்விதான். ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த ஆயிரக்கணக்கான காமிக்ஸ் இதழ்களின் கதையை, அதில் ஒரு பக்கம்கூடப் படித்திராத கோடிக்கணக்கான மக்களுக்குத் திரையில் எப்படிப் புரியவைத்தார்கள்? யோசித்துப் பாருங்கள், இது ஓர் ஆசிரியரின் கேள்வி. நாமும் ஒன்றோடொன்று தொடர்புள்ள பெரிய பாடப்பரப்பை, அதன் முந்தைய பக்கங்களை அறியாத குழந்தைகளுக்குத்தானே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

ஒரே ஊரில் வாழ்ந்த வீரர்கள்

முதலில் சிறிது வரலாறு. 1938இல் சூப்பர்மேனும் 1939இல் பேட்மேனும் அமெரிக்கக் காமிக்ஸ் இதழ்களில் அறிமுகமானார்கள். அவர்கள் வாழ்ந்த மெட்ரோபொலிஸ், கோதம் ஆகிய நகரங்கள் கற்பனை நகரங்கள். 1961இல் மார்வெல் நிறுவனம் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்ற நால்வர் அணியின் கதையைத் தொடங்கியது. உருவாக்கியவர்கள் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜேக் கிர்பியும். அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஹல்க், தோர், அயர்ன் மேன் வந்தார்கள். ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து 1962இல் ஸ்பைடர்மேனைக் கொண்டுவந்தார்கள். இவர்களில் பலரை நியூயார்க் என்ற உண்மையான நகரத்திலேயே குடிவைத்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் ஒருவர் கதையில் இன்னொருவர் தலைகாட்டுவது இயல்பாயிற்று. 1963இல் வந்த ஸ்பைடர்மேனின் தனி இதழ் முதலாவதிலேயே, கைச்செலவுக்குப் பணமில்லாத அந்தப் பையன் ஃபென்டாஸ்டிக் ஃபோர் அணியிடம் சம்பளத்துக்கு வேலை கேட்டுப் போகிறான். அங்கே சம்பளம் எதுவும் கிடையாது என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிடுகிறான்!

இப்படிக் கதைகள் பின்னத் தொடங்கியதும் ஒரு சிக்கல் வந்தது. இன்றுதான் முதன்முதலாக இதழை வாங்கும் வாசகருக்குப் பழைய சம்பவம் எப்படித் தெரியும்? கட்டத்துக்குள் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, 'இது இன்ன இதழில் நடந்தது' என்று ஓரத்தில் சிறு குறிப்பு எழுதினார்கள். கதை மாந்தர் பேச்சிலேயே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். ஒவ்வோர் இதழும் யாரோ ஒருவருக்கு முதல் இதழாக இருக்கும் என்பது காமிக்ஸ் துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் பாடம். நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

ஆண்டுகள் செல்லச் செல்ல இதழ்கள் மலைபோல் குவிந்தன. புதியவர் உள்ளே நுழைவது கடினமாயிற்று. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் செல்லும் நிலைக்கு வந்தது. ஸ்பைடர்மேன், எக்ஸ்-மென் போன்ற புகழ்பெற்ற பாத்திரங்களின் திரைப்பட உரிமைகள் வேறு நிறுவனங்களின் கைக்குப் போயிருந்தன. 2005இல் மார்வெல் தானே படமெடுக்க முடிவு செய்தது. அதற்காக 10 பாத்திரங்களின் திரைப்பட உரிமையைப் பிணையாக வைத்து 52.5 கோடி டாலர் கடன் வசதி பெற்றது. வீட்டில் இருக்கும் நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பம் நமக்குத் தெரியும். ஏறக்குறைய அதே நிலைதான்.

தொடர்பு பிறகு, கதை முதலில்

அந்தப் பணத்தில் வந்த முதல் படம் 2008இல் வெளியான 'அயர்ன் மேன்'. இயக்கியவர் ஜான் ஃபேவ்ரோ, நடித்தவர் ராபர்ட் டவுனி ஜூனியர். காமிக்ஸ் படிக்காதவர்களிடையே அயர்ன் மேன் அன்று பெரிய பெயரன்று. அந்தப் படத்தில் என்னென்ன செய்தார்கள் என்று கவனியுங்கள்.

காமிக்ஸில் நாயகன் டோனி ஸ்டார்க் காயமடைவது வியட்நாமில்; அது 1963ஆம் ஆண்டு கதை. படத்தில் அது ஆப்கானிஸ்தான் ஆனது. காமிக்ஸில் ஜார்விஸ் என்பவர் வீட்டுப் பணியாளர். படத்தில் அவர் பேசும் கணினி நிரல். காமிக்ஸில் அயர்ன் மேன் தன் மெய்க்காவலர் என்று ஊரை நம்பவைத்து டோனி நெடுங்காலம் ஒளிந்து வாழ்ந்தார். படத்தின் இறுதியில் செய்தியாளர் கூட்டத்திலேயே உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறார். இடம், காலம், உதவியாள், இரகசியம் எல்லாம் மாறின. மாறாதது ஒன்று: ஆயுதம் விற்றுச் செல்வந்தரான ஒருவர், தம் நெஞ்சில் படுகாயமடைந்த பிறகு மனம் மாறுகிறார். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். பாடக்குறிப்பு எழுதும்போது நாமும் தேடவேண்டியது இதைத்தான்.

அடுத்து, தொடர்பை எங்கே வைத்தார்கள்? படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்த பிறகு, நிக் ஃப்யூரி என்பவர் டோனியின் வீட்டில் காத்திருக்கிறார். இந்த உலகில் நீ மட்டுமே வீரன் என்று எண்ணாதே என்ற கருத்தில் பேசி, ஓர் அணியைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவ்வளவுதான். எழுந்து வீட்டுக்குப் போனவர் எதையும் இழக்கவில்லை. அவருக்குக் கதை முழுமையாகக் கிடைத்துவிட்டது. உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு கதவு திறந்தது. ஆர்வமுள்ளவருக்குக் கூடுதல் பரிசு, மற்றவருக்குக் குறையில்லாத கதை என்பதே அந்த ஏற்பாடு.

ஹல்க், தோர், கேப்டன் அமெரிக்கா ஆகியோருக்கும் தனித்தனிப் படங்கள் வந்தன. கேப்டன் அமெரிக்கா 1941இல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஜோ சைமனும் ஜேக் கிர்பியும் உருவாக்கிய பாத்திரம். முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரைக் குத்துவார். கொடியைப் போர்த்தியது போன்ற அந்த உடையை இன்றைய பார்வையாளர் பார்த்தால் சிரிப்பார்களே? 2011 படத்தில் அதற்கு அழகான வழி கண்டார்கள். போர்க் கடன்பத்திரம் விற்க நடக்கும் மேடை நிகழ்ச்சியில் அவருக்கு அந்த உடையை அணிவித்து, ஹிட்லர் வேடமிட்டவரைக் குத்தவும் வைத்தார்கள். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் கதையே சிரித்தது. பிறகு போர்க்களத்துக்கு வேறு உடையில் போனபோது யாரும் சிரிக்கவில்லை.

தெரியாதவர் கேட்கும் கேள்வி

2012இல் 'தி அவெஞ்சர்ஸ்' வந்தது. தனித்தனியே அறிமுகமானவர்கள் ஒரே படத்தில் கூடினார்கள். முந்தைய ஐந்து படங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காதவர்களும் திரையரங்குக்கு வருவார்கள் என்பது இயக்குநர் ஜாஸ் வீடனுக்குத் தெரியும். காமிக்ஸில் 1963இல் வந்த முதல் அவெஞ்சர்ஸ் இதழில் கேப்டன் அமெரிக்கா இல்லை. நான்காம் இதழில்தான் பனிக்கட்டிக்குள்ளிருந்து மீட்கப்படுகிறார். படத்தில் அவரைத் தொடக்கத்திலேயே அணியில் வைத்தார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உறைந்து கிடந்து விழித்தவர் அவர். இன்றைய உலகம் அவருக்குத் தெரியாது. எனவே அவர் கேட்கும் கேள்விகள் எல்லாம் புதிதாக வந்த பார்வையாளரின் கேள்விகளாகவும் இருக்கின்றன.

அந்தப் படத்தில் ஒரு சிறு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். யாரோ ஒருவர் பழைய திரைப்படம் ஒன்றில் வரும் பறக்கும் குரங்குகளைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகக் குறிப்பிடுகிறார். வேற்றுலகத்தவரான தோருக்குப் புரியவில்லை. கேப்டனோ தனக்கு அது புரிந்துவிட்டது என்று குழந்தைபோல் மகிழ்கிறார். எல்லோரும் தனக்குத் தெரியாததையே பேசும் இடத்தில், ஒன்றே ஒன்று தனக்கும் தெரிந்திருந்தது என்ற மகிழ்ச்சி அது. நம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தையின் முகத்தில் இந்த ஒளியை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

வெட்டுவதும் ஒரு பொறுப்பு

2006இல் தொடங்கிய 'சிவில் வார்' காமிக்ஸில், வீரர்கள் அனைவரும் தம் உண்மைப் பெயரை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் அவர்களைப் பிளக்கிறது. திரை உலகிலோ பெரும்பாலானவர்களின் உண்மைப் பெயர் ஊரறிந்தது. அந்தச் சட்டத்தை அப்படியே வைத்திருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. எனவே 2016 படத்தில் கேள்வியை மாற்றினார்கள்: பெரும் ஆற்றல் உடையவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள்? அதற்கு மேல், பெற்றோரை இழந்த மகனின் கோபத்தையும் சேர்த்தார்கள். நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் மோதிய கதை, விமான நிலையத்தில் ஆறு பேருக்கு எதிராக ஆறு பேர் என்று சுருங்கியது.

1991இல் ஜிம் ஸ்டார்லின் எழுதிய 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்' தொடரில் தானோஸ் என்பவன் மரணத்தைப் பெண்ணுருவில் கண்டு காதலிக்கிறான். அவளை மகிழ்விக்கவே பாதி உயிர்களை அழிக்கிறான். 2018 படத்தில் அந்தக் காதல் இல்லை. வளம் குறைவு, உயிர்கள் அதிகம், பாதியை அழித்தால் மீதி வாழும் என்று வாதிடுகிறான். கேட்பவர் ஒரு நொடி தடுமாறுகிறார். எட்டாம் வகுப்பில் இதை ஒருநாள் விவாதத்துக்கு விட்டுப் பாருங்கள். 'அவன் சொல்வதும் சரிதானே' என்று ஒரு மாணவர் எழுவார். 'அந்தப் பாதியில் உன் தங்கை இருந்தால்?' என்று இன்னொருவர் கேட்பார். 'வளத்தைப் பங்கிட்டால் போதாதா?' என்று மூன்றாமவர் கேட்பார். சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

சிலவற்றை வெட்டியே ஆகவேண்டியிருந்தது. பிளாக் பேந்தர் 1966இல் அறிமுகமான ஆப்பிரிக்க அரசர். அவர் கதையில் வரும் ம்பாகு என்ற ஆப்பிரிக்கத் தலைவருக்குக் காமிக்ஸில் மனிதக் குரங்கு என்று பொருள்படும் பட்டப்பெயர் இருந்தது. ரயன் கூக்ளர் இயக்கிய 2018 படத்தில் அந்தப் பட்டப்பெயர் நீக்கப்பட்டது. அவர் கம்பீரமும் நகைச்சுவையும் உள்ள தலைவராக வந்தார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற முதல் சூப்பர் ஹீரோ படமும் அதுவே. ஷாங்-சி என்ற சீன வீரரின் காமிக்ஸ் தந்தை ஃபூ மான்சு, ஆசிய மக்களை இழிவாகச் சித்திரித்த பழைய பாத்திரம். 2021 படத்தில் அவருக்குப் பதிலாக, மனைவியை இழந்த துயரத்தில் தவிக்கும் ஒரு தந்தையை வைத்தார்கள். மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் அதன் இழிவையும் சேர்த்துச் சுமப்பது என்று பொருளில்லை. பழைய கதைகளை வகுப்பில் சொல்லும்போது நிறத்தையும் சாதியையும் உடற்குறையையும் கேலி செய்யும் இடங்கள் நமக்கும் எதிர்ப்படும். அங்கே நாமும் இந்த முடிவை எடுக்கத்தான் வேண்டும்.

வீட்டுப்பாடமாக மாறியபோது

2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' அந்த வரிசையில் 22ஆவது படம். 11 ஆண்டுக் கதையை முடித்துவைத்த அது உலகெங்கும் ஏறத்தாழ 279 கோடி டாலர் வசூலித்தது. பெண் ஒருவரை மட்டும் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட படத்துக்கு அந்த வரிசையில் 21ஆவது இடம்தான் கிடைத்தது என்பதையும் நம் மாணவியரிடம் சொல்ல வேண்டும். அது 2019இல் வந்த 'கேப்டன் மார்வெல்'. 110 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

அதன் தொடர்ச்சியாக 2023இல் 'தி மார்வெல்ஸ்' வந்தது. மூன்று நாயகியர். ஒருவரை 2019 படத்தில் பார்த்திருக்கலாம். மற்ற இருவரின் முன்கதை, கட்டணம் செலுத்திப் பார்க்கும் இணையத் தொடர்களில் இருந்தது. அதைப் பார்க்காதவர்களுக்கு இவர்கள் அந்நியர்கள். உலகெங்கும் வசூல் 20 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. அந்த வரிசையில் மிகக் குறைவு அதுதான். சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். படத்துக்கு வரும் முன் இவ்வளவையும் பார்த்துவிட்டு வா என்று பார்வையாளரிடம் கேட்டது அவற்றுள் முக்கியமானது என்பது என் கருத்து. போட்டி நிறுவனமான டிசி, ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் மூவருக்கும் தனிப்படம் வரும் முன்பே 2017இல் 'ஜஸ்டிஸ் லீக்' அணிப்படத்தை எடுத்தது. எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. அடுத்த ஆண்டு அக்வாமேன் தனியாக வந்தபோது 100 கோடி டாலரைத் தாண்டினார். அறிமுகமாகாதவரின் துயரத்தில் யார் பங்குகொள்வார்?

எதிர்ப்பக்கமும் உண்டு. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் சலிப்புத் தட்டும். ஸ்பைடர்மேனைச் சிலந்தி கடிப்பதை 2002, 2012 படங்களில் மக்கள் பார்த்துவிட்டார்கள். எனவே 2017இல் வந்த 'ஹோம்கமிங்' படத்தில் அந்தக் காட்சியே இல்லை. 2018இல் வந்த 'இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' அசைவூட்டப் படத்தில் பல உலகங்களின் சிலந்தி வீரர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரே வாய்பாட்டில், சில நொடிகளில், வேடிக்கையாகத் தம் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். தெரிந்தவருக்கு அது சிரிப்பு, தெரியாதவருக்கு அது தகவல். முன்னறிவைச் சோதிக்க நாம் கேட்கும் ஐந்து நிமிடக் கேள்விகள் இப்படி அமைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நம் ஊருக்கு வந்த வீரர்கள்

இந்த வித்தை தமிழுக்குப் புதிதன்று. 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இங்கிலாந்துச் சித்திரக்கதை ஒன்றைத் தமிழில் தந்தது. அங்கே எஃகு நகம் என்ற பொருளில் இருந்த பெயர் இங்கே 'இரும்புக்கை மாயாவி' ஆயிற்று. மாயாவி என்ற ஒரு சொல் போதும்; கதையைப் படிக்கும் முன்பே நம் பிள்ளைகளுக்கு அவர் யாரென்று தெரிந்துவிட்டது. 'எண்ட்கேம்' தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள்; வசனம் ஏ.ஆர்.முருகதாஸ். அந்தக் குரல் பொருந்துகிறதா என்று அன்று இளைஞர்கள் வாதிட்டார்கள். மொழிபெயர்ப்புப் பற்றிய நல்ல விவாதம் அது. லோகேஷ் கனகராஜின் 'கைதி' 2019இல் தனிக்கதையாக முழுமையாக நின்றது. 2022இல் 'விக்ரம்' வந்த பிறகே அதன் தொடர்பு புரிந்தது. அந்த வரிசை சரிதான்.

நம் வகுப்பறைக்கு என்ன?

நண்பர்களே, நம் பாடத்திட்டமும் பின்னிப் பிணைந்த கதைதான். ஐந்தாம் வகுப்புப் பின்னம் ஏழாம் வகுப்பு விகிதத்தில் வருகிறது. ஆறாம் வகுப்பில் படித்த சொல் வகை ஒன்பதாம் வகுப்பு இலக்கணத்தில் வருகிறது. 'இதைத்தான் போன வருடமே படித்தாயே' என்பது நம் வாயில் அடிக்கடி வரும் வரி. அந்தக் குழந்தை போன வருடம் எங்கே இருந்தது?

செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த பெற்றோருடன் நவம்பரில் வந்து சேரும் குழந்தை இருக்கிறது. நோயில் இரண்டு மாதம் வராத குழந்தை இருக்கிறது. வகுப்பில் இருந்தும் மனம் வேறெங்கோ இருந்த குழந்தையும் இருக்கிறது. திரையரங்கில் கதை புரியாதவர் எழுந்து போய்விடுவார். வசூல் குறைந்தால் தயாரிப்பாளருக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் புரியாத குழந்தை எழுந்து போகாது. அமைதியாக உட்கார்ந்து, எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதும். ஒரு நாள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும். அன்றுதான் நமக்குத் தெரியவரும்.

எனவே மூன்று நடைமுறைகளைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு பாடவேளைக்கும் தனக்கென ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கட்டும்; இன்று மட்டும் வந்த குழந்தையும் ஒன்றைக் கற்று வீட்டுக்குப் போகட்டும். இரண்டாவது, காமிக்ஸின் நட்சத்திரக் குறியைக் கரும்பலகைக்குக் கொண்டுவாருங்கள். முந்தைய வகுப்பின் கருத்து வரும் இடத்தில் ஒரு நட்சத்திரமிட்டு, ஓரத்தில் இரண்டே வரியில் அதை எழுதிவையுங்கள். எங்கள் பள்ளியில் அந்த இரண்டு வரியை எழுதும் பொறுப்பை மாணவர்களுக்கே சுழற்சி முறையில் தந்திருக்கிறோம். எழுதுபவருக்கும் அது திருப்புதல். மூன்றாவது, பாடநூல் கதை ஒன்றைக் குழுக்களிடம் தந்து, பத்துக் கட்டச் சித்திரக்கதையாக மாற்றச் சொல்லுங்கள். எதை வைத்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள். அந்த 'ஏன்' என்பதற்கு வரும் விடையில் கதையை அவர்கள் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பள்ளிகளில் சிறார் திரைப்படம் திரையிடும் நாள்களிலும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

முன்னே சொன்ன பாடத்தை நம் மொழியில் சொல்லி விடைபெறுகிறேன். நாளைக் காலை நீங்கள் நடத்தப்போகும் பாடம், உங்கள் வகுப்பில் யாரோ ஒரு குழந்தைக்கு முதல் பாடம். அந்தக் குழந்தை யாரென்று பெயர் சொல்லத் தெரிந்துகொண்டு வகுப்புக்குள் செல்வோம்.